இசைத்தட்டில் ஏறாத குரல்

எங்கள் வீட்டுத் தலைவாசலில், சுவரோடு சார்த்திப் போட்டிருந்த வாங்கின் மேல், ஒரு பெட்டி இருந்தது. அதனை வெறுங்கையோடு தொட ஒருவருக்கும் அநுமதியில்லை. காலையில் கோயிலுக்குப் போய் வந்து, திருநீறு பூசிய நெற்றியோடு அப்பு அதன் மூடியைத் திறக்கும்போது, வீட்டில் பேச்சரவம் தானாகவே அடங்கிவிடும். அதுதான் எங்கள் கிராமபோன் பெட்டி.

அப்பு மலாயா நாட்டில் இரயில்வேப் பகுதியில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். பென்சன் பெற்று ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பொருள்களுள் இரண்டினை மாத்திரமே ஊரவர்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒன்று, பூண் பிடித்த கைத்தடி. மற்றது இந்தப் பெட்டி. அந்நாளில் யாழ்ப்பாணத்தில் 'மலாயாப் பென்சன்காரர் வீடு' என்றால் சுவரில் ஒரு மணிக்கூடும், வாங்கில் ஒரு பாட்டுப் பெட்டியும் இருக்கும் என்பது எழுதாத சட்டம். சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள எங்கள் சிற்றூரில் அவ்வாறான வீடுகள் மூன்று இருந்தன. பாட்டுக் கேட்க அயலவர்கள் கூடியது எங்கள் வீட்டில்தான். தட்டுக்களைத் தேர்ந்தெடுப்பதில் அப்பு பெருஞ் சுவைஞர் என்பதே அதற்குக் காரணம்.

அப்பு காலமான பின்னர் பெட்டியின் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பொழுது எனக்கு வயது எட்டு. சாவியைச் சுழற்றி வில்லை முறுக்குவது, ஒவ்வொரு தட்டுக்கும் ஊசியை மாற்றுவது, தட்டினை மெல்லிய சீலையினால் துடைத்து உறையிலிடுவது ஆகிய மூன்றும் என் கடமைகள். இன்றைய பிள்ளைகளுக்கு இதனைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தத் தட்டுக்கள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்வன. அரக்கும் கல்மாவும் கரியும் கலந்து அழுத்திச் செய்யப்பட்டவை. கைதவறி விழுந்தால் ஓடு போல உடைந்துவிடும். பத்து அங்குல அகலமுள்ள தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். எஃகு ஊசி ஒரு பாட்டோடு தேய்ந்துபோகும். தேய்ந்த ஊசியைத் திரும்ப வைத்தால் அது தட்டின் தடத்தினையே உழுதுவிடும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஊசி கிடைப்பது அரிதானபோது, அப்பு மூங்கிலைச் சீவிக் கூராக்கி வைத்துப் பாட்டுக் கேட்டாராம்.

அப்புவின் பெட்டியில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம் பிள்ளை இருந்தார். தியாகராஜ பாகவதர் இருந்தார். செங்கோட்டைக் கிட்டப்பா இருந்தார். ஆயினும் ஆச்சி கேட்பது ஒரே ஒரு குரலைத்தான்.

"மோனை, அந்தச் சுந்தராம்பாளின்ரை தட்டை ஒருக்கா வை."

மாலையில் விளக்கேற்றிய பின்பு ஆச்சி இவ்வாறு கேட்பார். வெள்ளைச் சேலையின் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தூணில் சாய்ந்து, கண்களை மூடிக்கொள்வார். தட்டுச் சுழலும். கரகரப்பொலியின் நடுவே அந்தக் குரல் எழும். வேறு பெண்களின் குரல்கள் வீட்டுக்குள் நுழைந்தாற்போல வரும். கே. பி. சுந்தராம்பாளின் குரல் அப்படியன்று. வெளியே நின்று, ஊர் முழுவதையும் பார்த்துப் பாடுவது போன்ற கம்பீரம் அதற்குண்டு. அது ஏன் என்பது வளர்ந்த பின்னரே எனக்கு விளங்கியது.

அந்த அம்மையார் கொடுமுடியிலே, காவிரிக் கரையிலே, 1908ஆம் ஆண்டு பிறந்தவர். வறுமையிலே வளர்ந்தவர். சிறு பிராயத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக நடித்து மேடையேறினார் என்பர். அக்காலத்து மேடையில் ஒலிபெருக்கி இல்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியுமட்டும் நடக்கும். கொட்டகையின் கடைசி வரிசையில், மணலில் துண்டு விரித்துக் குந்தியிருப்பவனின் காதுக்கும் சொல் சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும். நடிப்பவரே பாட வேண்டும். பாடத் தெரியாதவருக்கு மேடையில் இடமில்லை. ஆகவே மேல் ஸ்தாயியில், தளராத மூச்சோடு, எழுத்தெழுத்தாக உச்சரித்துப் பாடும் ஒரு தனிப் பரம்பரை அங்கே வளர்ந்தது. அந்தப் பரம்பரையின் சிகரங்கள் இரண்டு. ஒன்று கிட்டப்பா, மற்றது சுந்தராம்பாள்.

இந்த இருவரையும் சேர்த்து வைத்த பெருமை நமது இலங்கைத் தீவுக்கு உண்டு. நாடகம் ஆடுவதற்காகக் கொழும்புக்கு வந்திருந்த சுந்தராம்பாள், 1926ஆம் ஆண்டில் இங்கேதான் கிட்டப்பாவைச் சந்தித்தார். மேடையில் அவர்கள் வள்ளியும் வேலனுமாக நின்று ஒருவர்க்கொருவர் பாட்டால் விடை சொல்லியபோது சபை மெய்மறந்தது. 1927இல் அவரைக் கிட்டப்பா மணந்துகொண்டார். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஆதலால் அந்த வாழ்வு பூவும் முள்ளுமாகவே அமைந்தது. பிரிவும் மனத்தாங்கலும் வந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 27 மாத்திரமே. தமிழில் பேசும் படம் 1931இலேயே வந்துவிட்டது. எனினும் அவர் எந்தப் படத்திலும் தோன்றவில்லை. தேவாமிர்தவர்ஷிணி இராகத்திலே தியாகராஜர் கீர்த்தனையை அவர் பாடியதையும், நாடகப் பாட்டுக்களை அவர் பாடியதையும் இன்று நாம் கேட்கிறோம் என்றால், அது முழுவதும் அந்த அரக்குத் தட்டுக்களின் புண்ணியமே.

இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார். அதன் பின்னர் ஆடவரோடு சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். படமுதலாளி ஒருவர் விடாமல் வந்து கேட்கவே, அவரை அகற்றிவிடும் நோக்கோடு ஒரு இலட்சம் ரூபாய் கேட்டாராம். முதலாளி சம்மதித்துவிட்டார். அவ்வாறு 1935இல் வெளிவந்ததுதான் 'பக்த நந்தனார்'. அதில் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1940இல் 'மணிமேகலை', 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்திலே கவுந்தியடிகள், 1965இல் 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவையார் என்று, துறவியாகவும் மூதாட்டியாகவுமே அவர் திரையில் நின்றார். மேடையில் புகழ் பெற்ற நாளிலேயே இசைத்தட்டில் ஏறிய அந்தக் குரல், 1969இல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியமைக்காக இந்திய அரசின் தேசிய விருதினையும் பெற்றது. நாற்பது ஆண்டளவு ஒரே குரல், ஒரே கம்பீரம்! சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார், 1970இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார், 1980இல் மறைந்தார்.

இசைத்தட்டு அவருக்கு ஒரு புதிய கட்டுப்பாட்டினையும் விதித்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. மேடையிலே ஒரு விருத்தத்தை அரைமணி நேரம் விரித்துப் பாடலாம். சபை 'மறுபடியும்' என்று கேட்டால் இன்னுமொரு முறை பாடலாம். தட்டிலே மூன்று நிமிடந்தான். இராகத்தைத் தொட்டுக் காட்டி, பாட்டைத் தொடங்கி, சரணத்தையும் முடித்து, ஊசி நடுவட்டத்தை அடையுமுன் நிறுத்திவிட வேண்டும். எதிரே சபையும் இல்லை, கைதட்டலும் இல்லை, ஒலிவாங்கி ஒன்றுதான். ஆயினும் அந்தத் தட்டினைக் கேட்கும்போது, யாரோ ஒருவரை எதிரே இருத்திப் பாடுவது போலவே இருக்கும். ஆச்சி அந்த எதிரிடத்தில் அமர்ந்திருந்தார் போலும்.

இனி, நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

ஆச்சிக்குப் பின்னாலே, கதவு நிலையில் சாய்ந்தபடி, இன்னும் ஒருவர் அந்தத் தட்டினைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என் அக்கா. என்னிலும் நான்கு வயது மூத்தவர். அவருக்கு எவரும் சங்கீதம் சொல்லிக் கொடுத்ததில்லை. தட்டு ஒன்றே அவருடைய குரு. பாட்டை மாத்திரமல்ல, மூச்சு எடுக்கும் இடத்தையும், ஒரு சொல்லை அழுத்தி மறு சொல்லை விடும் நயத்தையும் அப்படியே பிடித்துவிடுவார். மாலையில் கிணற்றடியிலே பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாடுவார். எங்கள் வேலிக்கு அப்பால் புகையிலைத் தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிற்பார்கள். "மலாயாக்காரர் வீட்டுப் பெட்டி இண்டைக்குக் கிணத்தடியிலை பாடுது" என்று ஒருவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

'ஔவையார்' படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது ஆச்சி உட்பட வீட்டார் அனைவரும் பார்க்கப் போனோம். ஐயா சினிமாப் பார்ப்பவரல்லர். அவர் ஊர்ப் பாடசாலையில் சட்டம்பியார், ஒழுங்கு தவறாதவர். அவரும் அன்று வந்தார். 'அது சினிமா அல்ல, சமயம்' என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. யன்னலோரம் இருந்து உதடுகளை அசைத்துக்கொண்டே வந்தார். இருட்டில் அதனைக் கண்டவன் நான் ஒருவனே.

1959ஆம் ஆண்டு அக்காவின் பாடசாலையில் பரிசளிப்பு விழாவுக்கு ஔவையார் நாடகம் போட்டார்கள். ஔவையார் வேடத்துக்கு ஆசிரியை அக்காவைத் தெரிந்தெடுத்தார். அக்கா வீட்டில் சொல்லவில்லை. 'விசேட வகுப்பு' என்று சொல்லிவிட்டு ஒத்திகைக்கு நின்றார். ஒரு நாள் நான் அவரை அழைத்துவரப் போனேன். மண்டபத்திலே அக்கா, கையில் ஒரு தடியோடு, முதுகு வளைந்து, எட்டு ஊரும் கேட்கப் பாடிக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெருமையை ஐயாவிடமே கொட்டிவிட்டேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு அறிவுதான் இருந்தது.

ஐயா அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "மேடை ஏறினவள் எண்ட பேர் ஒருக்கா வந்தால், நாளைக்குச் சம்பந்தம் பேச வாறவன் படலையோடை திரும்பிப் போவான்" என்று மாத்திரம் சொன்னார். ஆச்சி குறுக்கிட்டு, "அப்ப அந்தச் சுந்தராம்பாளும் மேடையேறினவள்தானே? அவளின்ரை பாட்டு மாத்திரம் என்னெண்டு வீட்டுக்குள்ளை வந்தது?" என்று கேட்டார். ஐயா விடை சொல்லவில்லை.

ஆச்சியின் அந்தக் கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு வருகிறது. யாழ்ப்பாணத்து இசை நாடகம் வளமாயிருந்த காலம் அது. காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்துவின் 'மயான காண்டம்' கோயில் வீதிகளில் நடக்கும். நாங்களும் பாயும் தலையணையுமாகப் போய் விடிய விடிய இருந்து பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த மேடைகளில் பெண் வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களே ஆடினர். சந்திரமதிக்காகக் கண்ணீர் விட்ட பெண்கள், தங்கள் வீட்டுப் பெண்பிள்ளை சந்திரமதியாக நிற்பதை நினைத்தும் பாரார். சுந்தராம்பாளின் கதையும் அப்படித்தான். கிட்டப்பாவோடு சோடியாக ஆடிய நாளில் அவரை 'நாடகக்காரி' என்றே உலகம் பேசியது. வெள்ளைச் சேலையும் திருநீறும் உருத்திராட்சமும் தரித்த பின்னரே அவரைச் சாமியறை வரை கொண்டுபோயிற்று. ஒரு பெண்ணின் குரலுக்கு மதிப்புக் கொடுக்க, அவள் முதலில் வாழ்வை இழந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

கடைசியில் ஆசிரியை ஒரு வழி கண்டார். வேறொரு மாணவி வேடமிட்டு மேடையில் நிற்க, அக்கா திரைக்குப் பின்னால் நின்று பாடுவது என்று ஏற்பாடாயிற்று. சினிமாவில் பின்னணிப் பாடல் என்பது பரவிவிட்ட காலம். அதையே அவர் பாடசாலை மேடைக்குக் கொண்டுவந்தார். ஐயா நெடுநேரம் யோசித்து, "முகம் தெரியாட்டிச் சரி" என்றார். விழாவன்று நான் முன் வரிசையில் இருந்தேன். அக்காவின் குரல் திரையைக் கடந்து வந்தது. சபை அசையவில்லை. முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. மேடையில் நின்ற பிள்ளை கைகூப்பி வணங்கியது. திரையின் கீழ் விளிம்பில் அக்காவின் பாதங்கள் இரண்டும் எனக்குத் தெரிந்தன. அவையும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன.

ஒரு வாரம் கழித்து ஐயாவின் பெயருக்கு ஆசிரியையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதனைத் தபாற்காரனிடம் வாங்கிக்கொண்டு வந்தவன் நானே. கொழும்பிலே, இலங்கை வானொலியில் பாடகர்களுக்குக் குரல் தேர்வு நடப்பதுண்டு என்றும், பிள்ளையை அனுப்ப விரும்பினால் தாமே அழைத்துச் செல்வதாகவும் அவர் எழுதியிருந்தார். ஐயா இரண்டு முறை படித்தார். மடித்தார். அலுமாரியின் மேல்தட்டில், காணி உறுதிகளுக்குக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "இதை ஒருவருக்கும் சொல்லாதை" என்றார். முன்பு சொல்லக்கூடாததைச் சொல்லிக் கெடுத்த நான், இம்முறை சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லியிருக்க வேண்டியது அக்காவுக்கு உரிய சொத்து.

1963இல் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம். படலையோடு ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் 'திருவிளையாடல்' வந்தது. கனிக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பாலமுருகனை ஔவை ஆற்றுப்படுத்தும் பாட்டு, வானொலியில் காலையும் மாலையும் ஒலித்தது. கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா, அதனைக் கேட்டு, "அந்த அம்மாவுக்கு இப்ப ஐம்பத்தேழு வயது. மூச்சைப் பார், தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஐயா 1981இல் நோயில் விழுந்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு மாலை, "பிள்ளை, அந்த ஔவையார் பாட்டை ஒருக்காப் படியன்" என்று கேட்டார். அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதெல்லாம் மறந்துபோச்சு, ஐயா" என்றார். தேவாரம் ஒன்றை மாத்திரம் மெல்லப் பாடினார். ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலை குசினியில், கஞ்சி துழாவிக்கொண்டு, அந்தப் பாட்டினையே சொல் பிசகாமல் அக்கா முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்களெல்லாம் வீடுகளை விட்டு, மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். ஒரு பையில் காணி உறுதிகள். மற்றதில் பிள்ளைகளின் உடுப்பு. கிராமபோன் பெட்டியைப் பார்த்தேன், தூக்க முடியாது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டி இல்லை. பின் வளவில், வேப்பமரத்தின் கீழ், தட்டுக்கள் நொறுங்கிக் கிடந்தன. மழை நீரில் மினுங்கிய அந்தக் கருந்துண்டுகளில் ஒன்றிலும் பெயரை வாசிக்க முடியவில்லை.

ஆனால், வாசகர்களே, சுந்தராம்பாளுக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை. அந்தப் பாட்டுக்கள் ஆயிரம் வீடுகளில் இருந்தன. பின்பு ஒலிநாடாவில் ஏறின. இன்று கைத்தொலைபேசியில் விரல் நுனியில் கிடைக்கின்றன. கிட்டப்பா மறைந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும், நினைத்த வேளையில் அவரைப் பாடச் சொல்லலாம். பதிவான குரலுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. எங்கள் பின் வளவில் உண்மையில் அழிந்தது ஒன்றுமில்லை. உண்மையில் அழிந்தது, கிணற்றடியிலே பாடிய, திரைக்குப் பின்னாலே பாடிய, எந்தத் தட்டிலும் ஏறாத குரல் அல்லவா?

கனடாவில் பிள்ளைகளோடு வாழும் அக்கா, சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காக ஊர் வந்திருந்தார். எண்பதைக் கடந்துவிட்டார். கூடவே பேர்த்தியும் வந்திருந்தாள். இருவரும் தலைவாசலில் இருந்தபோது, என் மனத்தில் அறுபத்தைந்து ஆண்டாகக் கிடந்த கடிதத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரல் தளர்ந்தது.

அக்கா சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும், தம்பி. அந்த அலுமாரியைத் துடைக்கிறது ஆர்? நான்தானே."

"அப்ப ஏன் ஐயாட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் 'இல்லை' எண்டு சொல்லியிருப்பார். கேளாமல் விட்டால், கேட்டிருந்தால் 'ஓம்' எண்டு சொல்லியிருப்பாரோ எண்டு நினைச்சுக்கொண்டாவது இருக்கலாம் எல்லோ?"

நான் தலை குனிந்துகொண்டேன். பேர்த்திக்கு எங்கள் பேச்சு முழுவதும் விளங்கவில்லை. ஆனால் விளங்க வேண்டியது விளங்கியிருக்க வேண்டும். அவள் தன் கைத்தொலைபேசியை எடுத்து, முன்பு பெட்டி இருந்த அதே வாங்கின் மேல் வைத்தாள். "அம்மம்மா, நீங்கள் இப்ப பாடுங்கோ" என்றாள்.

அக்கா மறுக்கவில்லை. தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். பழைய உச்சத்தில் தொடங்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கட்டை இறக்கிக்கொண்டு தொடங்கினார். குரல் நடுங்கியது. நடுவிலே இரண்டு இடத்தில் மூச்சு நின்றது. ஆயினும், எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று அன்று தட்டிலிருந்து படித்தாரோ, மற்ற இடங்களிலெல்லாம் சரியாக அங்கேயே எடுத்தார். வெளியே தெருவால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலூன்றி நின்றார். பாட்டு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியது. ஒரு பக்கத் தட்டுக்கு அளவான பாட்டு.

இளம் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு குரல் இருக்கும். தாலாட்டாகவோ, ஒப்பாரியாகவோ, அடுப்படி முணுமுணுப்பாகவோ இருக்கும். அதனைப் பதிந்து வைக்க இன்று ஊசியும் வேண்டாம், அரக்கும் வேண்டாம், கொழும்புக்குப் போகவும் வேண்டாம். பெற்றோரே, பிள்ளை மேடைக்குப் போக விரும்பினால், கடிதத்தை அலுமாரியில் வையாதீர்கள். பிள்ளையின் கையில் கொடுங்கள். போவதும் விடுவதும் பின்பு.

அக்கா கனடா திரும்பிய பின்னர், அந்தப் பதிவைப் பேர்த்தி எனக்கும் அனுப்பிவைத்தாள். மாலையில் விளக்கேற்றிய பின் அதனைக் கேட்கிறேன். எட்டு வயதில் எனக்குத் தரப்பட்ட வேலை இன்னும் முடியவில்லைப் போலும்.